இருபத்தாறாம் நம்பர் துணி

"இது கண்டக்டரோட சட்டையாச்சே. பதினேழாம் நம்பர்ல எப்படி வந்துச்சு?"

லாண்ட்ரிக்காரர் சட்டையை உதறி மேசைமேல் போட்டார். மனைவி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து பார்த்தாள். காலரில் அவள் குத்தியிருந்த துணித்துண்டில் பதினேழு என்றுதான் இருந்தது. பதினேழு, டிராயிங் மாஸ்டர். ஆனால் இடது தோளில் பை வார் உரசி உரசி நூல் தேய்ந்த சட்டை, கடைக்கு வருவதிலேயே ஒன்றுதான் உண்டு. அது கண்டக்டருடையது. அவர் நம்பர் நாற்பத்தொன்று.

"மாத்திக் குத்திட்டேன் போலிருக்குங்க. வயசாயிடுச்சுல்ல."

இதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. துணி வந்ததும் நம்பர் குத்துவது அவள் வேலை. துவைத்துத் தேய்த்ததை நம்பர் பார்த்துக் கட்டுவது அவர் வேலை. முப்பது வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அவள் மாற்றிக் குத்தியது கிடையாது. இந்த ஒரு வருஷமாகத்தான் இந்தக் கூத்து. தினமும் மூன்று நான்கு உருப்படி இடம் மாறிவிடுகிறது. இப்போதெல்லாம் அவர் நம்பரையே நம்புவதில்லை. ஒவ்வொன்றையும் விரித்து, கறை, கிழிசல், மாற்றித் தைத்த பட்டன் என்று பார்த்து, இது யாருடையது என்று மண்டையைக் குடைந்துதான் கட்டுகிறார். கடை மூடும்போது ஆள் பிழிந்துபோட்ட துணி மாதிரி ஆகிவிடுகிறார்.

இத்தனைக்கும் முதலில் மூலையில் உட்கார்ந்தவர் அவர்தான். போன வருஷம் வக்கீலின் கோட்டை வேறு யாருக்கோ கட்டிக் கொடுத்துவிட்டார். வயசானால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று நாலு பேர் முன்னால் வக்கீல் கேட்டுவிட்டார். அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. அறுபத்தெட்டு வயசு, மூளை மழுங்கிப் போச்சு, இனி நான் எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டோடு முடங்கினார். பேப்பர் படிப்பதை விட்டார். பேத்தி எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டால்கூட மனைவி முகத்தைப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து அவள் அழாத குறையாக வந்து நின்றாள். நம்பரெல்லாம் மாறிப் போகிறது, சும்மா கூட வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். என்ன செய்வது? வந்தார். வந்தவர்தான், அன்றிலிருந்து உட்கார நேரமில்லை.

இன்று காலை மகள் போன் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை அம்மாவை ஞாபக மறதி டாக்டரிடம் காட்ட நேரம் வாங்கியாகிவிட்டது, இந்த மாதத்தோடு கடையை மூடிவிட்டு இருவரும் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்தாள்.

"எவ்வளவு நாளைக்குப்பா அம்மா பின்னாடியே ஓடிக்கிட்டு இருப்பீங்க?"

சரி என்று சொல்லிவிட்டார். அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவருடைய மாத்திரை மட்டும் காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று என்று வேளை தவறாமல் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. அதை மட்டும் எப்படியோ மறக்காமல் பிடித்து வைத்திருக்கிறாள், பாவம்.

அடுத்த பத்து நிமிடத்தில் நர்ஸம்மாவின் வெள்ளைக் கோட்டு எட்டாம் நம்பரில் அகப்பட்டது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இந்த மாசத்தோட கடையை மூடிடலாம். உன்னால முடியல. பார்த்துக்கிட்டு இருக்க என்னாலயும் முடியல."

அவள் கை நின்றது.

"மூடிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என் கதை எதுக்கு இப்ப? உன்னைப் பத்தித்தான் பேச்சு."

டீ போடுகிறேன் என்று அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

கடை மூடப்படும் என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடலாம் என்று அவர் பேனா தேடினார். ஊக்கு டப்பாவைக் கிளறியபோது அடியில் ஒரு சின்ன நோட்டு கைக்கு வந்தது. அவள் எழுத்து. கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி. 'கண்டக்டர் சட்டை - 17இல்.' பக்கத்தில் டிக். 'நர்ஸம்மா கோட்டு - 8இல்.' டிக்.

செய்த தப்பையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, மறக்காமல் இருக்க இவள் என்ன பாடுபடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். கீழே இன்னொரு வரி இருந்தது. 'லாரி ஆபீஸ்காரர் பேன்ட் - 26இல்.' அதற்கு டிக் இல்லை.

இருபத்தாறாம் நம்பர் துணியை அவர் இன்னும் தொடவே இல்லை. மேசை ஓரத்தில் அப்படியே கிடந்தது. எடுத்து விரித்தார். பின்பாக்கெட் ஓரத்தில் கிரீஸ் கறை. லாரி ஆபீஸ்காரருடையதேதான். யாரும் இன்னும் கண்டுபிடிக்காத தப்பு இவளுக்கு எப்படித் தெரியும்?

முதல் பக்கத்துக்குப் புரட்டினார். அவர் மறுபடி கடைக்கு வந்த நாளின் தேதி. ஐந்து வரியில் ஒன்றுக்குத்தான் டிக். மற்ற நான்குக்கும் எதிரே எழுதியிருந்தது: 'அவர் கவனிக்கலை. நானே சரியாக மாத்திட்டேன்.'

பின்கட்டில் டம்ளர் சத்தம் கேட்டது. அவர் நோட்டை ஊக்குகளுக்கு அடியில் இருந்தபடியே வைத்து மூடினார்.

"ஏம்மா, லாரி ஆபீஸ்காரர் பேன்ட் இருபத்தாறுல கிடக்கு. நீ இப்படி மாத்தி மாத்திக் குத்தினா, நான் எப்படிக் கடையை மூடுறது?"

"வயசாயிடுச்சுல்லங்க" என்றபடி அவள் டீயை வைத்துவிட்டு ஊக்கு டப்பாவை எடுத்தாள்; அவள் டிக் போட்டு முடிக்கும்வரை அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.