முதல் பரிசுப் படம்

நூலகத்தின் புகைப்படப் போட்டியில், தான் அனுப்பிய நாற்பது படங்களில் ஒன்றுக்கும் பரிசில்லை என்றதும் டுவெய்னுக்கு ரத்தம் கொதித்தது.

"மர்லீன் ஃபோன்ல எடுத்ததுக்கு முதல் பரிசா? அவளுக்கு வெளிச்சம்னா என்னன்னு தெரியுமா? வெள்ளம் வந்தன்னிக்கு முழங்கால் தண்ணியில நின்னு ஊரோட ஒற்றுமையைப் படம் பிடிச்சவன் நான், லோர்னா."

"அவளும் அங்கதான் இருந்தா. மூட்டை தூக்குற நடுவுல ஒரே ஒரு படம் எடுத்தா. சுவத்துல மாட்டியிருக்கு, போய்ப் பாரேன்" என்றாள் நூலகரான லோர்னா.

விறுவிறுவென்று போனான். படத்தில் ஊரே வரிசையாக நின்று, மணல் மூட்டைகளைக் கைமாற்றி ஒரு வீட்டு வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தது. வரிசைக்குக் குறுக்கே அவன் மட்டும் கேமராவோடு குனிந்து நின்றிருந்தான்.

"என்னைக் கேலி பண்றதுக்கா பரிசு?"

"தலைப்பைப் படி, டுவெய்ன்."

மர்லீன் வைத்திருந்த தலைப்பு: 'வீட்டின் சொந்தக்காரர்.'