டிரைவர் பாடும் நேரம்

"அந்த டிரைவரை வேற பேட்சுக்கு மாத்துங்க சார். இல்லைன்னா நாளையிலிருந்து நான் வரமாட்டேன்!"

டீச்சர் மேஜையைத் தட்டிய தட்டில் ஆபரேட்டரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"அப்படி என்ன பண்ணிட்டார் டீச்சர்?"

"பாடறார் சார்! நான் எழுந்து திரைக்குப் பின்னால போனா போதும், மாஸ்க்கைக் கழட்டிட்டுத் தொண்டை கிழியப் பாடறார். நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கப்சிப். என்னைக் கேலி பண்றார் சார்!"

விஷயம் இதுதான். டீச்சருக்கு ஆறு வருடமாகச் சிறுநீர்ப்பையில் தீராத வலி. அரை மணிக்கு ஒரு தரம் போயே ஆக வேண்டும். ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியாக ஒரு டாக்டர், "காற்றழுத்தம் கூட்டின அறையில உட்கார்ந்து ஆக்சிஜன் சுவாசிச்சுப் பாருங்க. சிலருக்குக் குறைஞ்சிருக்கு" என்றார்.

நாற்பது நாள், தினமும் ஒன்றரை மணி நேரம். கதவைச் சாத்தி அழுத்தம் ஏற்றிவிட்டால் நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. அதனால் அந்த இரும்பு உருளைக்குள் நாலு நாற்காலி, ஓரத்தில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் பேசின்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பன்னிரண்டு நாள் ஓட்டிவிட்டார். வலியும் கொஞ்சம் அடங்கியிருந்தது. இது போனால் வேறு வழியே இல்லை. அதற்கு முதல் நாளிலிருந்தே இப்படி ஒரு பாட்டுக்காரரா கூட வந்து வாய்க்க வேண்டும்!

உருளையை வெளியிலிருந்து இயக்குகிற ஆபரேட்டர் டிரைவரைக் கூப்பிட்டார். ஆறாத கால் புண்ணுக்காக வரும் ரிட்டயர்டு பஸ் டிரைவர் அவர்.

"ஏங்க, மாஸ்க்கைக் கழட்டிட்டே இருந்தா உங்க புண்ணு எப்படி ஆறும்? டாக்டர்கிட்ட இன்னும் எத்தனை திட்டு வாங்குவீங்க? இனிமே பாட்டுச் சத்தம் கேட்டுச்சு, பேட்ச் மாத்திடுவேன்."

டிரைவர் டீச்சரை ஒரு தரம் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சரிங்க. இனிமே வாயைத் திறக்கல."

மறுநாள் உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். டீச்சருக்கு ஏகப்பட்ட பெருமை. முப்பது பிள்ளைகளை அடக்குகிறவருக்கு ஒரு டிரைவர் எம்மாத்திரம்! இருபதாவது நிமிடம் எழுந்தார். ராணி மாதிரி நடந்து திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

சொர்ர்ர்ர்...

எவர்சில்வர் பேசின் சத்தத்தை வாங்கி இரும்புச் சுவரிடம் கொடுத்தது. சுவர் அதை இரண்டு மடங்காக்கி ஊருக்கே தண்டோரா போட்டது. பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூடக் கேட்காத சத்தம்!

டீச்சர் அப்படியே அடக்கினார். அடிவயிற்றில் சுரீர் என்றது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். சிரிப்பை மறைக்கிற இருமல். வகுப்பில் கேட்காத இருமலா!

"டிரைவர் அண்ணே!"

"சொல்லுங்க டீச்சர்."

"பாடுங்கண்ணே!"

வெளியிலிருந்து ஆபரேட்டரின் மைக் கரகரத்தது. "டீச்சர், நேத்து நீங்கதானே..."

"நானேதான் சார்! நீங்க சும்மா இருங்க! அண்ணே, சீக்கிரம்!"

டிரைவர் மாஸ்க்கைக் கழட்டித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வழக்கம்போல ஒரு பல்லவி போதுமா டீச்சர், இல்ல இன்னிக்குத் தண்ணி நிறையக் குடிச்சிருக்கீங்களா?"