தை அமாவாசையில் ஓடிய ரயில்

வரிசையில் தில்லையம்மாளைப் பார்த்ததும் குறுக்கே கையை நீட்டினேன்.

"நீ ஏறக்கூடாதும்மா. தள்ளி நில்லு."

பின்னால் நின்ற கூட்டம் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தது. அவள் புருஷன் மயில்வாகனம் கையிலிருந்த டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியாதா?

அவள் மட்டுமா, ஊரே பொறுத்திருந்தது. செவிலிமேட்டுக்குப் போகிற வழியில் மைதானத்தை வளைத்துத் தகர வேலி அடித்து, உச்சிக்கு ஏறிச் சரிகிற ராட்டின ரயிலுக்கு 'பம்பாய் மலை ரயில்' என்று போர்டு மாட்டியதோடு எங்கள் காண்ட்ராக்டர் ஆளைக் காணோம். தண்டவாளம் வந்தது, மோட்டார் வரவில்லை. மோட்டார் வந்தது, சங்கிலி வரவில்லை. சங்கிலி வந்து சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

ரயில் ஓட்ட வந்த நான் வேலிக்குக் காவல் கிடந்தேன். போகிறவன் வருகிறவனெல்லாம், "இன்னாபா சிட்டிபாபு, உன் ரயிலும் லேட்டா?" என்று கேட்டு என் உயிரை வாங்கினான்.

தில்லையம்மாள் கிண்டலாகக் கேட்கமாட்டாள். நிஜமாகவே கேட்பாள்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர்கள். ஒரே தறிக்குழியில் இரண்டு பேரும் அக்கம்பக்கமாக உட்காருவார்களாம். அவன் புடவையை நெய்ய, அவள் பக்கத்திலிருந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். அமாவாசை அன்றைக்கு மட்டும் தறிக்கு லீவு. ஆடி அமாவாசைக்கு வந்தார்கள், ரயில் ஓடவில்லை. ஆவணி அமாவாசைக்கு வந்தார்கள், அப்போதும் ஓடவில்லை.

"மேல போனா பாலாறு தெரியுமாண்ணா?"

"தண்ணியில்லாத ஆத்தைப் பார்க்கவா இந்தப் பாடு?" என்று சீண்டினேன்.

அவள் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு பொய்யாக விசும்பினாள். "இங்கியே அழுதுட்டுப் போறேண்ணா. தறியில முகூர்த்தப் பொடவை ஏறியிருக்குது. அது எறங்கற வரைக்கும் வூட்ல யாரும் கண்ணைக் கசக்கக் கூடாதுன்றது எங்க மாமியார் சட்டம். கட்டிக்கப்போற பொண்ணுக்கு ஆகாதாம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பேசாமடந்தை மயில்வாகனம்கூடச் சிரித்தான்.

ஐப்பசி அமாவாசைக்கு வந்தபோது வேலி ஓரமாகவே நின்றுகொண்டாள். ரயில் எப்போது ஓடும் என்று கேட்கவில்லை. மயில்வாகனம்தான் என்னிடம் வந்து, வெட்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது. மாசமான பெண் தறிக்குழியில் இறங்கக் கூடாதாம், நாடா தள்ள வேறு ஆள் வைத்துவிட்டானாம்.

எனக்கு என் தங்கைக்கே விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. ஓடிப்போய்க் கடலை மிட்டாய் வாங்கிவந்து அவள் கையில் திணித்தேன்.

"இப்ப ஓடினாலும் உன்னை ஏத்தமாட்டேன். புள்ளையைப் பெத்து நல்லபடியா எழுந்து வா. மொதல் பெட்டியில உக்கார வைக்கிறேன்."

"அதுவரைக்கும் ஓடாமலே இருக்கட்டும்ணா," என்றாள்.

அந்த ரயில் இன்னும் தாமதமாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

கார்த்திகையிலும் மார்கழியிலும் இரண்டு பேரையும் காணவில்லை. வயிறு பெரிதாகியிருக்கும், நடக்க முடியாமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை அமாவாசைக்குக் காண்ட்ராக்டர் வந்து தேங்காய் உடைத்தார். பெட்டிகளுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஊரே திரண்டு வந்திருந்தது. வந்த கூட்டத்தில் இவளும் வந்து நிற்கிறாள்.

"உனக்கே தெரிய வேணாமாம்மா?" என்று எல்லாரும் கேட்கும்படி கத்தினேன். "வயித்துப் புள்ளையோட—"

"இப்ப ஏறலாம்ணா," என்றாள்.

நீட்டியிருந்த என் கை தானாகக் கீழே இறங்கியது.

அப்போதுதான் அவள் விரல்களைக் கவனித்தேன். நுனியெல்லாம் அரக்குச் சாயம் ஏறியிருந்தது. மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

பாவி வாய், அதைப்போய் ஊரைக் கூட்டிக் கேட்டிருக்கிறது. முதல் பெட்டியில் உட்கார வைத்து, கம்பியை நானே மாட்டினேன். மயில்வாகனம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ரயில் மெல்ல மேலே ஏறியது. அவள் பாலாறு இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. உச்சியில் கொஞ்சம் தயங்கிவிட்டு ரயில் சரிந்தது.

எல்லாரும் அலறினார்கள். அலறத்தானே காசு கொடுத்து வந்திருக்கிறார்கள்.

அடுத்த இறக்கத்தில் பாதிப் பேர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குரல் மட்டும் ஓயவில்லை. ரயில் வளைந்து சமதளத்தில் ஓடிவரும்போதும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஐயோ பாவம், அந்தப் பொண்ணு ரொம்ப பயந்துடுச்சு," என்று வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ரயில் வந்து நின்றது. நின்றதுமே அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் அடங்கியது, உடம்பு அடங்கவில்லை. மற்றவர்களெல்லாம் தலையைக் கோதிக்கொண்டு இறங்கிப்போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

மயில்வாகனம் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"தறியில முகூர்த்தப் பொடவை இருக்குதுபா," என்றான். "இன்னொரு தபா வுடு."

வரிசையில் நின்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் காதில் வாங்காமல் லீவரை இழுத்தேன்.