கால் நீட்ட இடம்

“வெள்ளிக்கிழமைக்கு முன்ன மாட்டித் தந்துரணும் தம்பி. அது கழிஞ்சா எனக்கு வர முடியாது.”

மனைவி தாணம்மாளின் வேகம் வைகுண்டராஜனுக்குப் புதிது. கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட அவர் முகத்தைப் பார்க்கிறவள், ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய உடனே பேச ஆரம்பித்துவிட்டாள். இறங்குவதற்கு அவள் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

இராஜாக்கமங்கலம் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே ஸ்கூட்டரின் பக்கத்தில் மாட்டுகிற மூன்று சைடுகார்கள் கிடந்தன. பட்டறைக்காரன் ரதீஷ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“யாருக்கு அண்ணாச்சி?”

“இவளுக்குத்தான். முட்டு போச்சு. பின்னால ஏறி இருக்க முடியல்ல. ஒரு மாசத்துல ரெண்டு மட்டம் விழுந்தாச்சு.”

“எங்க வச்சு விழுந்தீங்க அக்கா?”

“ரோட்டுலதான்,” என்றாள் அவள்.

முதல் முறை முழங்கை உரிந்திருந்தது. அடுத்த முறை முழங்கால். வெறும் முட்டுவலி என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. அவருடைய பாதப் புண்ணுக்கு மருந்து கட்டப் போன இடத்தில், டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவள் வீடு வரை வாய் திறக்கவில்லை. அன்று முதல் சோறும் இறங்கவில்லை. மகள் ஜிஷாவிடம் போனில் பேசிக்கொண்டிருப்பாள், அவர் தலையைக் கண்டால் வைத்துவிடுவாள்.

தன் புண்ணைக் காட்டப் போன இடத்தில் அவளும் எதையோ காட்டியிருக்கிறாள். பெரிய நோய். கால்களில் தொடங்கியிருக்கிறது. அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

“ஏறி இருந்து பாருங்க அக்கா,” என்றான் ரதீஷ்.

“எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க ஏறி இருங்க.”

“நான் எதுக்குட்டி? இருக்கப் போறது நீயில்லா.”

“ஒருக்க இருந்து காட்டுங்க. பாத்துட்டுச் சொல்லுகேன்.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“காலு பத்திரம் அண்ணாச்சி. கட்டுப் போட்டிருக்கே.”

“இது சுகர் புண்ணு. அது கெடக்கட்டும்.”

முதல் வண்டியின் பக்கங்கள் இடுப்புயரம். அதற்குள் இறங்கி அமர்ந்ததும் அவர் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“இது என்ன எளவு, ஏத்தன் வாழக்குலை கொண்டுபோற பெட்டியா?”

“அண்ணாச்சி, இதுல கல்யாணப் பெண்ணைக் கொண்டு போயிருக்கு.”

“அவ திரும்பி வந்தாளா?”

ரதீஷ் சிரித்தான். தாணம்மாள் சிரிக்கவில்லை.

இரண்டாவதில் முழங்கால் நெஞ்சில் இடித்தது. மூன்றாவது தாழ்வாக இருந்தது. சாய்ந்துகொள்ள முதுகுக்கு உயரமான மெத்தை. உட்கார்ந்ததும் உடம்பு அடங்கியது. இனி அவள் இங்கேதான் இருப்பாள். அவள் கை அவர் தோளில் இருக்காது. எத்தனை நாளைக்கு இதுவும்? இதற்குப் பிறகு கட்டில்தான்.

“இது கொள்ளாம், நல்லா இருக்கு,” என்றார். “பஞ்சு கொஞ்சம் கூட வைக்கணும்.”

தாணம்மாள் ரதீஷைப் பார்த்தாள். “வளைக்கும்போ இது மேல தூக்குமா தம்பி?”

“ஆளு இருந்தா தூக்காது. காலியா போகும்போ இடது பக்கம் வளைச்சா தூக்கும். பைய போணும்.”

“பிரேக்கு பிடிச்சா ஒரு பக்கமா இழுக்குமோ?”

“கொஞ்சம் இழுக்கும். பழகணும்.”

“எத்தன நாளுல பழகும்?”

“ஏட்டி, இருக்கப் போறவ நீ. ஓட்டுத கவலை எனக்கு. நீ சும்மா இரி.”

அவர் எழுந்து இறங்கினார்.

“மக்கா, இவளுக்குக் காலு நல்லா நீட்டி இருக்கணும். மடக்கினா நோவும். முன்னால ஒரு முழம் கூட்டி வெச்சிரு.”

“பண்ணிரலாம் அண்ணாச்சி.”

“நான் போய் மூணு சாயா வாங்கிட்டு வாறேன்.”

நடக்கக் கூடாது என்று எப்போதும் மறிக்கிறவள் இன்று மறிக்கவில்லை. அதற்கும் தெம்பு இல்லாமல் போயிற்று போலும். அவர் நொண்டிக்கொண்டே ரோட்டைக் கடந்தார்.

சாயாக் கடையில் நின்று திரும்பிப் பார்த்தார். தாணம்மாள் ஸ்கூட்டரின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிடிக்காமல் நிற்கவும் முடியவில்லை. கடைக்காரர் சீனி போடவா என்று கேட்டது அவர் காதில் விழவில்லை. இவளுக்கு முன்னால் தான் போய்விட வேண்டும் என்று நினைத்தார். போய்விட்டால் இவளை யார் தூக்கி இருத்துவார்கள் என்றும் நினைத்தார். எந்தப் பக்கம் நினைத்தாலும் வழி அடைத்துக் கிடந்தது.

கம்பிக் கூட்டில் மூன்று கிளாஸ்களோடு திரும்பி வந்தார். தாணம்மாள் ரோட்டுக்கு முதுகு காட்டி நின்றாள். ரதீஷ் சைடுகாருக்குள் குனிந்து டேப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரு முழம் கூட்டட்டா?”

“வேண்டாம் தம்பி. அவியளுக்கு வெள்ளிக்கிழமை வலது காலை எடுத்துருவாவ. முட்டுக்குக் கீழ. நான் சம்மதம் சொல்லியாச்சு. அவியளுக்குத் தெரியாது.” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பிடிச்சு ஏறுததுக்கு ஒரு கம்பி மட்டும் வெச்சிரு.”

பின்னால் நின்று கேட்ட வைகுண்டராஜன் கம்பிக் கூட்டைக் கீழே வைக்கவில்லை.

“ஏட்டி, நீ எப்பம் வண்டி ஓட்டப் படிச்ச?”