பூதத்துக்கு வேப்பந்தழை

பெரியபாளையம் டென்ட் கொட்டகையில் புதுப்படம். இரண்டு கோமாளிகளை ஒரு பூதம் துரத்தும் இங்கிலீஷ் சிரிப்புப் படம். விளம்பரத்துக்குப் பூத வேஷம் போட சின்னராசு கிடைத்தான்.

"பூதத்துக்கு உடம்பெல்லாம் வேப்பந்தழைப்பா. அம்மன் கோயிலாண்டதான் கூட்டம் கீது. ஒரு சுத்து சுத்தி வா!" என்றார் முதலாளி ஹயாத் பாஷா.

சின்னராசு கறுப்புச் சட்டைக்காரன். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். "வேப்பந்தழைய கட்டிக்கினு போனா நேர்த்திக்கடன்னு நெனைப்பாங்க பாய்!"

"மூஞ்சில கரிய பூசிக்கினு பல்லக் காட்டு. அலறி ஓடுவாங்க."

மனைவி கங்கம்மாதான் சிரித்துக்கொண்டே தழையைக் கட்டிவிட்டாள்.

கோயிலைச் சுற்றி வந்து சின்னராசு உறுமினான், குதித்தான். ஒரு குழந்தைகூட அழவில்லை. பெண்கள் அவன் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, "ஆத்தா எறங்கிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கடுப்போடு கொட்டகைக்குத் திரும்பினான். திரையில் பூதம் வந்தது. கோட்டு, பூட்ஸு, மொட்டைத்தலை. உடம்பில் ஓர் இலைகூட இல்லை!

"இன்னா பாய் இது?"

பாஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு, குங்குமத்தோடு வாசலில் நின்ற கங்கம்மாவைக் கைகாட்டினார்.

"போன வருசம் உனுக்கு அம்மை போட்டப்ப நான் வேண்டிக்கினது, மாமா," என்று அவன் நெற்றியில் குங்குமத்தை அப்பினாள் அவள். "நேரா சொன்னா நீ சுத்தியிருப்பியா?"