திரை போடாத கூண்டு

புயல் கூண்டை ஏற்றியவன், கடல் பக்கத்துத் திரையை இழுத்து மூட மறந்துவிட்டேன். அரசாங்கம் துறைமுகத்தைக் கம்பெனிக்கு விற்றதிலிருந்து, சந்தா கட்டிய படகுகளின் செல்போனுக்கு மட்டும்தான் கூண்டின் படம் போகும்; மற்றவர்கள் கண்ணில் படாமலிருக்கத்தான் திரை. அன்று சந்தா கட்டாதவர்களும் பார்த்துவிட்டுக் கரை திரும்பிவிட்டார்கள்.

"ஓசியில் பார்த்தவனைப் பிடித்து வா. இல்லையென்றால் வேலைக்கு வராதே" என்றார் மேலாளர்.

புயல் ஓய்ந்ததும், பெரிய துப்பறியும் புலியாகக் குப்பத்துக்குப் போனேன்.

"கூண்டப் பாத்தியளா?"

வலை பின்னியவர்கள் சிரித்தார்கள். "மேகத்தப் பாத்துல்லா திரும்புனோம் அண்ணாச்சி! அதுக்கும் சந்தா கேப்பியளோ?"

நானும் வெட்கமில்லாமல் சிரித்துவைத்தேன்.

அடுத்த வீட்டில் கிளாடிஸ் கணவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், சட்டியைப் பார்த்தே கேட்டேன்.

"பாத்தோம் அண்ணாச்சி. அதனாலதான் இவுக உசுரோட உக்காந்து சோறு திங்காவ. போய்ச் சொல்லுங்க."