பதினைந்து நாள் உப்பு

பிரெபெஸ் ஊரின் சாலையோரக் கடையில், காலை வெயில் வாத்து முட்டைகளின் நீலப்பச்சை ஓட்டில் வழுக்குகிறது. நாளை மகள் கல்யாண விருந்துக்கு முந்நூறு உப்பு முட்டை வாங்க வந்திருக்கும் வர்சித்தி ஒன்றை எடுத்து விரலால் சுண்டிப் பார்க்கிறாள். "உப்பும் செங்கல்பொடியும் குழைச்ச சேத்துல எத்தனை நாள் வெச்சே?" "முழுசா பதினஞ்சு நாள்க்கா," என்று விசிறியால் ஈ ஓட்டியபடி சொல்கிறான் கடைக்காரன் கஸ்மூரி. "அப்புறம் ஓடு ஏன் இவ்வளவு மெலிசா இருக்கு? உப்பு சீக்கிரம் ஏறணும்னு ஓட்டை நல்லாத் தேய்ச்சு அடுப்போரமா வெச்சியா? சூட்டுல உப்பு வெள்ளைக்கருவுக்குள்ள ஓடிடும். ஆனா மஞ்சக்கரு நடுவுக்குப் போய்ச்சேர நாளாகும், தம்பி." அவன் சிரித்துக்கொண்டே கூடையின் மேலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டுகிறான். மஞ்சள்கரு நடு வரைக்கும் செக்கச்செவேலென்று இருக்கிறது. கத்தியில் எண்ணெய் வழிகிறது. "இப்பவாவது நம்புங்கக்கா," என்று மறுபடியும் விசிற ஆரம்பிக்கிறான். அவள் அதைத் தொடக்கூட இல்லை. "இது நீ எடுத்தது," என்று சொல்லிவிட்டு, முழங்கை வரை கையை விட்டுக் கூடையின் அடியைத் துழாவுகிறாள். ஓடுகள் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. கஸ்மூரியின் விசிறி நின்றுவிடுகிறது.